செயற்கை உறுப்பும் தாங்கு கருவியும் செய்து பொருத்தும் படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தத் துறையில் பல ஆண்டுகள் நோயாளிகளைப் பார்த்துவிட்டு இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். சேர்க்கை நேரத்தில் பெற்றோர் கேட்பது, முதல் ஆண்டில் பட்டறையில் நின்றுகொண்டு மாணவர்கள் கேட்பது, கடைசி ஆண்டில் தயங்கித் தயங்கிக் கேட்பது என எல்லாமே வருடா வருடம் அதே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது என்ன படிப்பு, செயற்கைக் கால் செய்யச் சொல்லித் தருவதா?

பாதி சரி. இல்லாமல் போன உறுப்பின் இடத்தில் பொருத்துவது பிராஸ்தெசிஸ். செயற்கைக் கால், செயற்கைக் கை எல்லாம் இதில் வரும். உறுப்பு இருக்கிறது, ஆனால் பலமில்லை, கோணியிருக்கிறது, வலிக்கிறது என்றால் அதைத் தாங்குவதற்கோ நேராக்குவதற்கோ வெளியிலிருந்து போடுவது ஆர்த்தோசிஸ். செருப்புக்குள் வைக்கும் மெத்தையிலிருந்து முதுகுத்தண்டைப் பிடித்து நிறுத்தும் கவசம் வரை இதில் அடங்கும். போலியோ வந்தவர்கள் போட்டிருக்கும் காலிப்பரும் ஆர்த்தோசிஸ்தான். படிப்பில் இரண்டும் உண்டு.

ஆர்த்தோசிஸுக்குப் பெயர் வைக்கும் முறை எளிது. அது எந்தெந்தப் பகுதிகளைப் பிடிக்கிறதோ அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து, கடைசியில் ஆர்த்தோசிஸுக்கு ஒரு ‘ஓ’ சேர்த்தால் பெயர் வந்துவிடும். கணுக்காலும் பாதமும் என்றால் ஏஎஃப்ஓ, முழங்காலும் சேர்ந்தால் கேஏஎஃப்ஓ. சேர வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் கண் செயற்கைக் காலில்தான் இருக்கும். வேலைக்குப் போனபின் பலருக்குக் கையில் அதிகம் வருவது ஏஎஃப்ஓவும் செருப்பு மெத்தையும்தான். பின்னால் ஏமாற்றம் வேண்டாமே என்று இதை முதல் நாளே சொல்லிவிடுவேன்.

டாக்டர் படிப்பில் சேருமா, இன்ஜினியரிங்கில் சேருமா?

இரண்டு வீட்டிலும் சொந்தம் உண்டு, எந்த வீட்டிலும் குடியில்லை. காலை எந்த இடத்தில் எடுப்பது என்று அறுவை மருத்துவர் முடிவு செய்கிறார். தசையைப் பலப்படுத்தி நடக்கப் பழக்குவது இயன்முறை மருத்துவர். நடுவில் அந்த ஆளுக்கு எந்த மாதிரிக் கருவி வேண்டும் என்று பார்த்து, அளவெடுத்து, செய்து, பொருத்தி, அது சரியாக உட்காரும்வரை பொறுப்பேற்பவர் நாம்.

உடற்கூறியல், உடலியங்கியல், நோயியல், இயந்திரவியல், பொருள்களைப் பற்றிய அறிவியல், பட்டறை வேலை என்று பாடங்களும் இரண்டு பக்கமும் இழுக்கும். 1968இல் ஜெய்ப்பூர் பாதத்தை உருவாக்கியவர்கள் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற அறுவை மருத்துவரும். குந்தி உட்காரவும் வெறுங்காலோடு நடக்கவும் தோதான ரப்பர் பாதம் அது. ஒருவருக்கு ரப்பர் வேலை தெரியும், இன்னொருவருக்குக் கணுக்கால் தெரியும். இந்தப் படிப்பு அந்த இரண்டு பேரையும் ஒரே ஆளுக்குள் உட்கார வைக்கப் பார்க்கிறது. முழுதாக முடிவதில்லை, ஆனால் முயற்சி அதுதான்.

எத்தனை வருஷம்? எல்லா நாட்டிலும் ஒரே படிப்புதானா?

இல்லை. 1970இல் கோபன்ஹேகனில் தொடங்கிய ஐஎஸ்பிஓ என்ற சர்வதேச அமைப்பு பாடத்திட்டத்துக்கு அளவுகோல் வைத்து, கல்லூரிகளைப் பார்த்து அங்கீகாரம் தருகிறது. அதில் மூன்று நிலைகள் உண்டு. மேல்நிலையில் இருப்பவர் எவ்வளவு சிக்கலான நோயாளியையும் தானே மதிப்பிட்டுக் கருவியை முடிவு செய்வார். நடுநிலையில் இருப்பவரும் நோயாளியைப் பார்ப்பார். மூன்றாமவர் பட்டறைத் தொழில்நுட்பர், நோயாளிக்கு நேரடியாகப் பொருத்தமாட்டார். சேரும்முன் உங்கள் கல்லூரி எந்த நிலைக்குப் படிக்க வைக்கிறது என்று கேளுங்கள். இது பெரும்பாலானவர்கள் கேட்க மறக்கும் கேள்வி.

இந்தியாவில் இளநிலைப் பட்டம் பயிற்சிக்காலத்தோடு சேர்த்து நாலரை ஆண்டு. முடித்தபின் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிய வேண்டும். பிரிட்டனில் இளநிலைப் பட்டமே போதும், ஆனால் பதிவு இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளச் சட்டம் விடாது. அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம், அதற்குமேல் உறைவிடப் பயிற்சி. ஒரு பிரிவு மட்டும் என்றால் 12 மாதம், இரண்டும் சேர்த்து என்றால் 18 மாதம்.

கணக்கு எனக்குச் சுத்தமாக வராது. சமாளிக்க முடியுமா?

நெம்புகோல் புரிந்தால் போதும். உண்மையாகவே சொல்கிறேன். கோணிய ஒன்றை நிமிர்த்த மூன்று இடத்தில் அழுத்த வேண்டும். நடுவில் ஒரு பக்கமிருந்து, இரண்டு முனைகளிலும் எதிர்ப்பக்கமிருந்து. வளைந்த கம்பியைக் கையில் எடுத்து நேராக்கிப் பாருங்கள், விரல்கள் தானாக அப்படித்தான் வைக்கும். பெரும்பாலான ஆர்த்தோசிஸ் இந்த மூன்று புள்ளி விளையாட்டுதான்.

நோயாளிகள் அடிக்கடி கேட்பார்கள்: “ஏஎஃப்ஓ ஏன் முழங்கால் கிட்ட வரை வருகிறது, கொஞ்சம் குட்டையாக வெட்டித் தரக்கூடாதா?” கணக்கு போட்டுக் காட்டலாம். கணுக்காலைப் பிடித்து நிறுத்த 20 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பட்டை 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் அது காலை அழுத்தும் விசை 50 நியூட்டன். 20 சென்டிமீட்டராகக் குறைத்தால் 100. அழகுக்காகப் பாதியாக வெட்டினால் தோல் இரட்டிப்பு அழுத்தம் தாங்க வேண்டும். இந்த அளவுக் கணக்கு எல்லோருக்கும் வரும். வராது என்று சொன்ன பிள்ளைகள்கூட நோயாளியின் சிவந்த தோலைப் பார்த்தபின் போட்டுவிடுகிறார்கள்.

கைவேலையும் வராது. அப்புறம் எப்படி?

பழக்கம்தான். முதல் ஆண்டு முழுக்க அரமும் உப்புத்தாளும் கையுமாக நிற்பீர்கள். ஆரம்பத்தில் கை நடுங்காமல் வெட்டுகிற பிள்ளையைவிட, வெட்டுவதற்குமுன் விரலால் நாலு முறை தடவிப் பார்க்கிற பிள்ளைதான் கடைசியில் நன்றாக வருகிறது. இது என் கணிப்பு, சக ஆசிரியர்கள் சிலர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

மாவுக்கட்டு சுற்றி அச்செடுப்பதில் அப்படி என்ன படிக்க இருக்கிறது?

முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்ட கால் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எஞ்சிய காலின்மேல் மெல்லிய உறையை இழுத்து மாட்டி, ஈரம் பட்டால் ஊறும் பென்சிலால் முக்கியமான இடங்களைக் குறிக்கிறோம். முழங்கால் சில்லு, அதன் கீழே உள்ள தசைநார், முன்னெலும்பின் விளிம்பு, அதன் நுனி, வெளிப்பக்கச் சின்ன எலும்பின் தலை. பிறகு நனைத்த மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி, அது இறுகுவதற்குள் இரண்டு கட்டைவிரலையும் சில்லுக்குக் கீழே வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்ற விரல்கள் பின்பக்கம் முழங்கால் மடிப்பில். மாவு சூடாகி, விரலுக்கடியில் கெட்டிப்படுவது தெரியும். அந்தச் சில நிமிடம் நோயாளி காலை இறுக்காமல் தளர்த்தி வைத்திருக்க வேண்டும். பயந்த ஆள் இறுக்குவார், அச்சு பிழையாகும். அதனால் அந்த நேரத்தில் அவரோடு பேச்சுக் கொடுப்பதும் பாடத்தில் சேர்த்தி.

கழற்றினால் உட்பக்கத்தில் பென்சில் குறிகள் இறங்கியிருக்கும். அதற்குள் மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் மேல்கட்டை உரித்தால் காலின் வெள்ளைப் பிரதி கிடைக்கும், அதன்மேல் நீலக் குறிகளோடு. அதை அப்படியே வைத்துச் சாக்கெட் (எஞ்சிய கால் உள்ளே உட்காரும் கிண்ணம்) செய்தால் யாராலும் நடக்க முடியாது. தாங்கக்கூடிய இடங்களில் அரத்தால் ராவி எடுக்கிறோம், அங்கே சாக்கெட் இறுக்கமாக வரும். தாங்காத இடங்களில் மாவை அப்பிச் சேர்க்கிறோம், அங்கே இடைவெளி வரும். எங்கே எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் படிப்பு. அப்புறம் பாலிபுரொப்பிலீன் தகட்டை மின்னடுப்பில் வைத்து, அது கண்ணாடிபோலத் தெளிந்ததும் எடுத்துப் பிரதியின்மேல் போர்த்தி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்போம். இந்தக் கடைசி வேலை பார்க்க நன்றாக இருக்கும், படம் பிடிப்பவர்கள் இதைத்தான் பிடிப்பார்கள். கஷ்டமான பகுதி அதற்குமுன் அரம் பிடித்த இரண்டு மணி நேரம்.

சாக்கெட் சாக்கெட் என்று ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறீர்கள்? பாதமும் மூட்டும்தானே விலை?

விலை அதற்கு, வலி இதற்கு. எஞ்சிய கால் உட்காரும் கிண்ணம் சாக்கெட். உடம்பின் எடை முழுவதும் அதன் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. உள்ளங்கால் எடை தாங்கப் பிறந்தது, கெண்டைக்காலின் தோல் அப்படியல்ல. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் பெர்க்லியில் ஒரு வழி கண்டார்கள்: முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாரும் முன்னெலும்பின் உள்பக்கச் சரிவும் அழுத்தம் தாங்கும், எடையில் பெரும்பங்கை அங்கே கொடு, எலும்பு முனைகளை விட்டுவிடு. பின்னால் எல்லா இடத்திலும் பரவலாகத் தாங்கும் வடிவங்களும் சிலிக்கோன் உறைகளும் வந்தன. ஆனாலும் எந்த இடம் தாங்கும், எந்த இடம் தாங்காது என்ற பாடம் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நான் மாணவனாக இருந்தபோது செய்த இரண்டாவது சாக்கெட்டில் வெளிப்பக்கச் சின்ன எலும்பின் தலைமேல் மாவு சேர்க்க மறந்துவிட்டேன். பத்தடி நடந்ததும் அவர் நின்று, வெளிப்பக்கம் சுரீரென்கிறது என்றார். அந்த எலும்பின் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு போகிறது, அதை நசுக்கியிருக்கிறேன். கழற்றிப் பார்த்தால் நாணயம் அளவுக்குச் சிவப்பு. கருவியைக் கழற்றியபின் சிவப்பு பத்து நிமிடத்துக்குள் மறைந்தால் கவலையில்லை, மறையாவிட்டால் நம் தப்பு என்பது பொதுவிதி. அது மறையவில்லை. அச்சிலிருந்து பிரதிக்குப் போகும்போது அந்த நீலக் குறி அழிந்திருந்தது, நான் திரும்பத் தொட்டுப் பார்க்கவில்லை.

போட்டுப் பார்க்கும் நாளில் என்ன செய்வீர்கள்?

முதலில் ஆளே இல்லாமல் மேஜைமேல். தூக்குக்குண்டு விட்டு, சாக்கெட்டின் மையமும் பாதமும் எங்கே விழுகின்றன என்று பார்த்துக் கட்டுவோம். அடுத்து அவர் போட்டுக்கொண்டு நிற்பார். இடுப்பெலும்பின் இரண்டு பக்கமும் சமமா, குதிகால் தரையில் படிந்திருக்கிறதா, சாக்கெட்டின் அடியில் கால் நுனி தொடுகிறதா. கடைசிக் கேள்விக்குக் கண்ணால் பதில் கிடைக்காது. உள்ளே அடியில் சிறு களிமண் உருண்டை போட்டு நிற்கச் சொல்லுங்கள். தட்டையாகிவிட்டால் நுனி அழுந்துகிறது, உருண்டையாகவே இருந்தால் தொடவே இல்லை, லேசாக அமுங்கியிருந்தால் சரி.

மூன்றாவது நடை. இணைக்கம்பிகளுக்கு நடுவே அவர் நடக்க, முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்ப்போம். முழங்கால் வெளிப்பக்கம் தள்ளினால் பாதம் மிகவும் உள்ளே இருக்கலாம். “மேடு ஏறுகிற மாதிரி இருக்கு” என்றால் பாதம் முன்னால் தள்ளியிருக்கிறது அல்லது விரல்பக்கம் கீழே சாய்ந்திருக்கிறது. குதிகால் பட்டதும் முழங்கால் மடங்கி விழப்பார்த்தால் சாக்கெட் அதிகம் முன்சாய்வாகவோ குதிகால் அதிகக் கெட்டியாகவோ இருக்கும். இணைப்பில் நாலு திருகு உண்டு. ஒன்றைத் தளர்த்தி எதிரிலிருப்பதை முறுக்கினால் கோணம் மாறும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று தெரியாமல் முழிக்காத மாணவர் இதுவரை என்னிடம் படிக்கவில்லை.

நிஜ நோயாளிகளை எப்போது தொட விடுவார்கள்?

முதலில் ஒருவர் காலில் ஒருவர். பிறகு பல ஆண்டாகக் கருவி அணிந்து பழகிய, மாணவர்களுக்காகவே வரும் ஆட்கள். அவர்கள் நல்ல ஆசிரியர்கள், எந்தத் திருகு தப்பு என்று நமக்குமுன்பே தெரிந்துவிடும், ஆனால் சொல்லமாட்டார்கள். அதன்பிறகே மேற்பார்வையில் புது நோயாளிகள்.

புண் பார்த்தால் எனக்கு மயக்கம் வரும். முடியுமா?

நாம் பார்ப்பது பெரும்பாலும் ஆறிய கால்கள். மயக்கம் சில மாதத்தில் பழகிவிடும். நான் பயப்படச் சொல்வது வேறொன்றுக்கு: வலிக்காத காலுக்கு. நீரிழிவில் நரம்பு மரத்துப்போனவருக்குச் செருப்பில் கல் இருந்தாலும் தெரியாது. மேலே சொன்ன சுரீர் வலி எனக்குப் பிழையைக் காட்டியது. இவர்களிடம் அந்த எச்சரிக்கை மணி அறுந்துகிடக்கிறது. நன்றாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே போய், புண்ணோடு திரும்பி வருவார்கள். அதனால் அவர்களிடம் வாய்வார்த்தையை நம்பாமல் ஒவ்வொரு முறையும் தோலைப் பாருங்கள்.

ஆர்த்தோசிஸ் பகுதி சலிப்பாக இருக்குமா?

கண்ணுக்குச் சலிப்பு, விளைவில் இல்லை. வளைபாதத்தோடு பிறக்கும் குழந்தைக்குப் பொன்செட்டி முறையில் வாராவாரம் மாவுக்கட்டு போட்டு நிமிர்த்துகிறார்கள். அது முடிந்ததும் நம் வேலை: இரண்டு காலணிகளை ஒரு குறுக்குப்பட்டையில் கோத்த கருவி. முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு தூங்கும் நேரங்களில் நாலைந்து வயதுவரை. வளைவு திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம் அதைப் போடாமல் விடுவது.

முதுகு வளைவுக்கும் அதே கதை. 2013இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வு ஒன்றில் கவசம் அணிந்த வளரிளம் பிள்ளைகளில் 72 சதவீதம் பேருக்கு அறுவை தேவைப்படும் அளவுக்கு வளைவு போகவில்லை. அணியாதவர்களில் அது 48. நாளுக்குச் சுமார் 13 மணி நேரத்துக்குமேல் போட்டவர்களில் 90 சதவீதத்தைத் தாண்டியது. எப்படித் தெரிந்தது? கவசத்துக்குள் வெப்பத்தைப் பதியும் சின்னக் கருவி வைத்திருந்தார்கள், உடம்பில் இருந்தால் சூடு காட்டிக்கொடுத்துவிடும்.

முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு மாவும் அரமும்?

ஸ்கேனர், கணினியில் வடிவம் திருத்துவது, அச்சிடுவது எல்லாம் பாடத்திட்டத்தில் வந்துவிட்டன, வரவேண்டியதுதான். உடை அழுக்காகாது, கோப்பைச் சேமித்து வைக்கலாம், அடுத்த சாக்கெட்டுக்கு அளவு ஒப்பிடலாம். ஆனால் ஸ்கேனர் மேல்தோலைத்தான் பார்க்கிறது. கட்டைவிரலால் அழுத்தும்போது தசை எவ்வளவு உள்ளே போகிறது, எலும்பு எங்கே எதிர்க்கிறது என்பது அதற்குத் தெரியாது. மாவுக்கட்டுப் பதிலில் சொன்ன அந்த மில்லிமீட்டர் முடிவைத் திரையிலும் நீங்கள்தான் எடுக்க வேண்டும். கையால் கற்றவர் திரைக்கு மாறச் சில வாரம் போதும். நேரே திரையில் தொடங்கியவர்களுக்கு எதனால் பிழையானது என்று கண்டுபிடிப்பது சிரமமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மூளை சொல்லி இயங்கும் ரோபோ கையெல்லாம் கற்றுத் தருவார்களா?

தசைச் சுருக்கத்தில் எழும் மின்சமிக்ஞையைத் தோல்மேல் பிடித்து இயங்கும் கை பாடத்தில் உண்டு. 1997இல் வந்த சி-லெக் போன்ற நுண்செயலி முழங்காலும் உண்டு. ஆனால் அதற்குச் செலவிடும் நேரம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. கைக்குப் பதிலாகப் பொருத்தி, தோளிலிருந்து வடம் இழுத்துத் திறக்கும் இரட்டைக் கொக்கி 1912இல் காப்புரிமை பெற்றது. இன்றும் பட்டறையிலும் தோட்டத்திலும் வேலை செய்கிற பலர் அதைத்தான் கேட்கிறார்கள். எடை குறைவு, நனையலாம், பிடித்த பொருள் கண்ணுக்குத் தெரியும். புதுசு என்பதால் மட்டும் எதையும் பரிந்துரைக்காதீர்கள்.

எனக்கே ஒரு கால் இல்லை. சேர்த்துக்கொள்வார்களா?

இந்தத் தொழிலில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். சாக்கெட் பாடத்தில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பட்டறையில் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும், அதற்கு உட்காரும் ஏற்பாடு கேட்டு வாங்குங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: உங்கள் கால் உங்கள் கால்தான். எனக்குச் சரியாக இருந்ததே என்று அடுத்தவருக்குச் செய்துவிடாதீர்கள்.

படித்தால் வேலை இருக்குமா?

தேவை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் வெளியிட்ட தர நெறிகளின்படி உலகில் 3.5 முதல் 4 கோடிப் பேருக்கு இந்தச் சேவை வேண்டும், ஆனால் பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது. பல நாடுகளில் பயிற்சி பெற்றவர்கள் போதவில்லை. ஆனால் தேவை இருப்பதும் பணியிடம் இருப்பதும் ஒன்றல்ல. கருவிக்கு யார் பணம் தருகிறார்கள் என்பதைப் பொறுத்தே வேலைவாய்ப்பு நாட்டுக்கு நாடு மாறும். சேரும்முன் அந்தக் கல்லூரியில் மூன்றாண்டுக்குமுன் முடித்தவர்கள் யாரையாவது தேடிப் பிடித்துப் பேசுங்கள்.

ஒழுங்காகத்தான் செய்து கொடுத்தோம், அவர் வீட்டில் மூலையில் போட்டுவிட்டார். அது எங்கள் தப்பா?

கடைசி ஆண்டுப் பிள்ளைகள் கோபமாகக் கேட்கும் கேள்வி. வளைபாதம், முதுகுக் கவசம் பற்றிய பதிலில் பார்த்தோமே, போடாத கருவியால் எந்த நோயாளிக்கும் பயனில்லை. எனவே போடாததற்குக் காரணம் கண்டுபிடிப்பதும் நம் வேலையில் சேர்ந்ததுதான். முதலில், கேட்டால் “நல்லாத்தான் இருக்கு” என்பார்கள், அதனால் கேட்குமுன் காலணியைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். தேய்ந்திருக்கிறதா?

சிறுவயதில் போலியோ வந்த பெரியவர் ஒருவருக்குக் கேஏஎஃப்ஓ செய்தோம். அளவு, நடை எல்லாம் கச்சிதம். ஆறு வாரம் கழித்து வந்தார், அடிப்பக்கம் புதிதுபோல இருந்தது. என் மாணவி நிற்கிற, நடக்கிற கேள்விகளையெல்லாம் விட்டுவிட்டு, “ஐயா, இதோடு ஒரு தடவை உட்கார்ந்து காட்டுங்கள்” என்றாள். முழங்கால் பூட்டு இரண்டு பக்கமும் வளையத்தை மேலே இழுத்துத் திறக்கும் வகை. அவருக்கு விரல் மூட்டெல்லாம் வாதம், இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இழுக்க முடியவில்லை. கால் நீட்டியபடி நாற்காலியின் நுனியில் சரிந்து நின்றார். வீட்டில் உட்கார வழியில்லாமல் கழற்றி வைத்திருக்கிறார். எங்கள் பரிசோதனைத் தாளில் கைவிரல்களுக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

பின்பக்கம் வளைந்த கம்பியை நாற்காலி விளிம்பில் மோதினாலே திறக்கிற பூட்டாக மாற்றிக் கொடுத்தோம். கைக்கு வேலையில்லை. அடுத்த முறை வந்தபோது அடிப்பக்கம் குதிகாலில் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. அதற்குத் தனியாக ஆப்பு வைக்க வேண்டியிருந்தது.